கியர் இல்லாத வண்டி

"பார்சலா? ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா லிஃப்ட்ல போகாத. பின்னாடி படிக்கட்டு இருக்கு, அப்படிப் போ."

ஆறு வருஷமாக தினமும் காலையில் எனக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன்தான் இப்படிச் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை. ஆறு வருஷமும் அவர் பார்த்தது மோட்டார் பைக்கில் வந்து இறங்குகிற ஆசாமியை. அன்றைக்கு வந்து நின்றது ஒரு கறுப்பு சைக்கிள். அதன் மேல் தொப்பலாக நனைந்த ஒரு சட்டை. சட்டைக்கு மேலே, பழைய பைக்குக்கு வாங்கிய முழு ஹெல்மெட். உள்ளே இருந்தது நானா, டெலிவரி பையனா என்று எந்த வாட்ச்மேனால் கண்டுபிடிக்க முடியும்?

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"ஐயையோ, ஸார்! நீங்களா? வண்டிக்கு என்ன ஆச்சு ஸார்?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஒரு பொய். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சைக்கிள்.

* * *

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களைப் படுத்துவது என் உபதொழில். வயிற்றுப்பாட்டுக்கு, மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் லாப நஷ்டத்தைக் கூட்டிக் கழிப்பது. பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? வீடு வேளச்சேரியில். இடையில் பத்துக் கிலோமீட்டர்.

நீச்சலும் சைக்கிளும் ஒரு தடவை பழகிவிட்டால் மறக்காது என்பார்கள். வாஸ்தவம். மூளை மறக்கவில்லை. முழங்காலுக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை. நான் கடைசியாக ஓட்டியது ப்ளஸ் டூ படிக்கும்போது. கற்றுக்கொண்டது அதற்கும் முன்னால், ஒரு மணிக்கு இரண்டு ரூபாய் வாடகை சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டு. உங்களில் பாதிப் பேர் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். தடவிப் பாருங்கள்.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் போய், "பழைய வண்டி ஏதாவது இருக்கா?" என்றேன்.

"யாருக்கு, பையனுக்கா?"

"எனக்கு."

பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

"சீட்டு ஸ்பிரிங்கை மாத்திடறேன் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தொழில் தர்மம்.

அவர் காட்டியது ஒரு பழைய 22 இஞ்ச் அட்லஸ். ஐ.நா. சபை 2018-ல் ஜூன் 3-ஆம் தேதியை உலக சைக்கிள் தினமாக அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2020-ல், அதே ஜூன் 3 அன்று அட்லஸ் கம்பெனி டில்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத் ஃபேக்டரியை நிறுத்தியது. கல்யாண நாள் அன்றைக்கு டைவர்ஸ் நோட்டீஸ் அனுப்பிய மாதிரி. இதைப் பெரியவரிடம் சொன்னேன். "ஃபேக்டரி நின்னா என்ன, வண்டி நிக்காது" என்று டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

வண்டி 2,200. ஓவராயில் 700. முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் 350. பூட்டு 250. முதல் நாள் அனுபவத்துக்குப் பிறகு வாங்கிய, காற்றுப் போகிற சைக்கிள் ஹெல்மெட் 800. ஆக முதலீடு 4,300 ரூபாய். சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். நம் தலை நமக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர் இலவசமாக மூன்று பாடம் சொல்லிக்கொடுத்தார். சீட்டைத் தாழ்வாக வைக்காதே. பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டுவிட வேண்டும், முழங்கால் லேசாக மடங்கினால் போதும். இரண்டு காலும் தரையில் சப்பணமாகப் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கினால், முழங்கால் பதினைந்து நாளில் பஞ்சாயத்துக்கு வரும். இரண்டாவது, வாரம் ஒரு தடவை காற்று. கட்டை விரலால் அமுக்கினால் டயர் அமுங்கக் கூடாது. மூன்றாவது, செயினுக்கு எண்ணெய் விட்டபின் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டு மண்ணெல்லாம் செயினில் குடித்தனம் வந்துவிடும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் கியர் இல்லாத வண்டியே சென்னைக்குத் தாராளம். இந்த ஊரில் பாலங்களை விட்டால் மேடு ஏது?

* * *

முதல் நாள்.

வேளச்சேரியிலிருந்து குருநானக் காலேஜ் வரை வீர அபிமன்யு. அதற்கப்புறம், சக்கர வியூகத்துக்குள் போன அபிமன்யு. பக்கத்தில் வந்த பஸ்ஸின் டயர் என் தோள் உயரத்துக்கு இருந்தது. பைக்கில் போகும்போது அதை நான் கவனித்ததே இல்லை. சர்தார் படேல் ரோடில் திரும்பியபோது தொடை இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. இறங்கி, டீக்கடை ஓரமாக நின்று, வாட்சைப் பார்ப்பது போல் மூச்சு வாங்கினேன். மூன்று தடவை வாட்சைப் பார்த்ததும் டீக்கடைக்காரர், "யாருக்காவது வெயிட் பண்றீங்களா?" என்றார்.

"ஆமாம், மூச்சுக்கு."

ஆனால் அதே ரோடில்தான் முதல் பரிசும் காத்திருந்தது. காந்தி மண்டபம், கேன்ஸர் இன்ஸ்டிட்யூட், ஐ.ஐ.டி. வாசல் என்று ஒரு பக்கம் முழுக்க மரம். ஆறு வருஷம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த நிழல் குளிர்ச்சியாக இருக்கும் என்பது பத்துக் கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து மிதித்தவனுக்குத்தான் தெரியும்.

மத்திய கைலாஷ், அடையாறு சிக்னல், அப்புறம் திரு.வி.க. பாலம். பாலத்தில் ஏற ஆரம்பித்ததும் ஒரு பள்ளிக்கூடப் பையன் கேரியரில் தம்பியை வைத்துக்கொண்டு என்னை ஓவர்டேக் பண்ணினான். தம்பி திரும்பிப் பார்த்து, "தள்ளிவிடட்டுமா அங்கிள்?" என்றான். நல்ல வளர்ப்பு.

அன்றைக்கு ஆன நேரம் 55 நிமிஷம். மூன்றாவது வாரம் அது 40 ஆனது. பைக்கில் எவ்வளவு ஆகும் தெரியுமா? காலை நேரத்து டிராஃபிக்கில் 35. ஐந்து நிமிஷத்துக்காகவா ஸார் இவ்வளவு புகை, இவ்வளவு ஹாரன், இவ்வளவு பெட்ரோல்?

இன்னொரு ரகசியம். சென்னையில் மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவன் பாக்கியசாலி. கோடையிலும் ஆனி, ஆடியிலும் காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். முதுகில் கை வைத்து ஆபீஸுக்குத் தள்ளிக்கொண்டு போகும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பிவிடும். சாயங்காலம் அதே கை வீட்டுக்குத் தள்ளும். போகவும் வரவும் இலவச இன்ஜின்! ஐப்பசி பிறந்து வடகிழக்குக் காற்று வந்தால் மட்டும் கணக்கு மாறும். காலையில் எதிர்க்காற்று. மானேஜரைப் பார்க்கப் போகிறோம் என்பதற்கு ஒரு ஒத்திகை.

நாலு மாசத்தில் நான் அடிபட்டும் படாமலும் கற்றவை சில.

நிற்கிற காரை ஒட்டிப் போகாதீர்கள். ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். காருக்குள் இருப்பவர்கள் கதவைத் திறந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாதீர்கள். பின்னால் நின்று பஸ் கிளம்பியதும் போனால் அரை நிமிஷம் நஷ்டம். அவ்வளவுதான்.

பெரிய சிக்னலில் வலது பக்கம் திரும்ப வேண்டுமா? வெட்கப்படாமல் இறங்கி, ஜனங்களோடு ஜனங்களாகத் தள்ளிக்கொண்டு ரோடைக் கடந்துவிடுங்கள். சைக்கிளில் இருக்கும் பெரிய வசதியே, இறங்கிய நிமிஷத்தில் நீங்கள் பாதசாரி.

மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் நுழையாதீர்கள். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். தியாகிகள் எப்போதும் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கட்டும்.

* * *

வியர்வைக்கு வருகிறேன். எல்லாரும் கேட்க நினைத்து, கேட்காமல் மூக்கைத் தேய்த்துக்கொள்கிற விஷயம்.

ஏழரைக்குக் கிளம்பினால் எட்டே காலுக்குள் ஆபீஸ். மோட்டார் ரூம் பக்கத்தில் வாட்ச்மேன் குளிக்கிற குழாய் ஒன்று உண்டு. அங்கே முகம், கழுத்து, கை கழுவி, ஈரத் துண்டால் துடைத்து, பத்து நிமிஷம் சும்மா ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும். உடனே சட்டையை மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். உடம்பு சூடு தணிந்த பிறகுதான் மாற்ற வேண்டும். திங்கட்கிழமையே ஆறு சட்டையையும் பையில் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிடுவேன். பழைய ஃபைல்களுக்கு நடுவே என் சட்டைகள் தொங்குவதைப் பார்த்த ஒரு கிளையண்ட், "ஆடிட் சீஸன்ல இங்கேயே தங்கிடுவீங்களா ஸார், பாவம்" என்று உருகி ஃபீஸை உடனே கொடுத்துவிட்டுப் போனார்.

மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சைக்கிள்ல வர்றியாமே? ஹெல்த்தா?"

"ஆமா ஸார். ஹெல்த்."

"குட். எத்தனை கியர்?"

"கியர்... இல்லை ஸார்."

ஒரு விநாடி அவர் நெற்றி சுருங்கியது. பிறகு மலர்ந்தது. "ஓ, சிங்கிள் ஸ்பீட்! இப்ப அதுதான் ஃபேஷன்னு என் பையன் சொன்னான்."

2,200 ரூபாய் பழைய அட்லஸ் அந்த நிமிஷத்தில் ஃபேஷன் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஆபீஸில் எனக்குத் தனி மரியாதை. "எவ்வளவு கலோரி?" என்று கேட்டார்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் ஆறு நாளில் மிதிப்பது 480. மூன்று பேருடைய பங்கை ஒருத்தனே மிதிக்கிறேன். எடை 78-லிருந்து 74. பேண்ட்டைப் பிடிக்க டெய்லருக்கு 60 ரூபாய் தண்டம்.

மாசக் கணக்கையும் பாருங்கள். தினம் 20 கிலோமீட்டர், 25 நாள், 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்த பைக்குக்கு 11 லிட்டர், 1,100 ரூபாய். சர்வீஸ், இன்ஷூரன்ஸ் சராசரி 500. ஆக மிச்சம் 1,600. செலவுப் பக்கம்: சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம் வீதம் 400, உபரிச் சட்டை இஸ்திரி 250, பஞ்சர், வால்டியூப் வகையறா 100. ஆக 750. நிகர மிச்சம் 850. ஐந்து மாசத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்.

"இட்லி நாலுலேர்ந்து ஏழாயிடுச்சே, அதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?" என்றாள் என் மனைவி. அதை நான் கவனிக்காதது போல் கணக்கை மூடிவிட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கில் அதைவிடப் பெரிய என்ட்ரி ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

* * *

ஒரு நாள் சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனேன். என் வண்டிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற இன்னொரு சைக்கிளுக்கு வாட்ச்மேன் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கண்ணகி நகரிலிருந்து வருகிறார். ஒரு வழி மட்டும் பதினாலு கிலோமீட்டர். இருபத்திரண்டு வருஷமாக.

"ஸார், ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நீங்களும் சைக்கிள்ல வர்றீங்க, நானும் சைக்கிள்ல வர்றேன். உங்களைப் பார்த்து எல்லாரும் ஹெல்த்துங்கறாங்க. என்னைப் பார்த்தா மட்டும் ஏன் ஸார் பாவம்ங்கறாங்க?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயத்தையும் வீட்டுத் தொழிலையும் தவிர்த்த மற்ற வேலைகளுக்கு நாடு முழுக்க சைக்கிளில் போனவர்கள் சுமார் 2.6 கோடிப் பேர். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்களைவிட அது கொஞ்சம் அதிகம். அந்த 2.6 கோடிப் பேரில் எத்தனை பேரை யாராவது கூப்பிட்டு, "எவ்வளவு கலோரி?" என்று கேட்டிருப்பார்கள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹெல்த்துக்காக சைக்கிள் வாங்கவில்லை. மே மாசக் கடைசியில் பைக்கை 41,000 ரூபாய்க்கு விற்றேன். பாதி, என் பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ். மீதி, கிரெடிட் கார்டு பாக்கி. மாசத்துக்கு மூன்றரை பர்ஸெண்ட், வருஷத்துக்கு 42 பர்ஸெண்ட் வட்டி. ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன், சொந்தக் கணக்கில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஓட்டியிருக்கிறேன். பி.காம்.!

பைக் போன மறுநாள் பஸ்ஸில் போயிருக்கலாம். போனேன். மூன்றாம் நாளே பக்கத்து சீட் நண்பர், "வண்டி சர்வீஸா?" என்றார். நாலாம் நாளும் கேட்டார். ஐந்தாம் நாள் கேட்பதற்குள் சைக்கிள் வாங்கிவிட்டேன். பைக்கை விற்றவன் பஸ்ஸில் வந்தால் கஷ்டம். சைக்கிளில் வந்தால் கொள்கை. இந்த ஊரில் கௌரவத்துக்கு எவ்வளவு குறுக்கு வழி இருக்கிறது பாருங்கள்.

வாட்ச்மேனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "எனக்கும் ஹெல்த் இல்லைங்க. ஃபீஸ் கட்டணும், வண்டியை வித்துட்டேன்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் ஸார். ஆசைக்கு சைக்கிள் வாங்கறவங்க பழைய வண்டி வாங்க மாட்டாங்க." பம்ப்பை என்னிடம் நீட்டினார். "உங்க பின் டயர் கம்மியா இருக்கு. அடிச்சுக்குங்க."

அடுத்த வாரம், எங்கள் கட்டடத்தில் வேலை பார்க்கிற ஒருவர் படிக்கட்டில் என்னை ஓரமாக நிறுத்தினார். எந்த மாடி, எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாடி, ஏழு ஆபீஸ், நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சைக்கிள் எவ்வளவுல முடிஞ்சது?" என்றார்.

கலோரி கேட்கவில்லை. கியர் கேட்கவில்லை. விலையைக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

"2,200. ஓவராயிலோட 2,900. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றேன். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவர் கடைக்குப் போனோம். பெரியவர் இவர் வயிற்றையும் பார்த்தார். ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த இதழ் எங்கள் ஆபீஸ் டேபிளுக்கும் வரும். மானேஜர் முதலில் திருப்புவது இந்தப் பக்கத்தைத்தான். திருப்பட்டும். கார்டு பாக்கியில் இன்னும் ஒன்பதாயிரம் இருக்கிறது. அது பொங்கலுக்குள் தீர்ந்துவிடும். நாலு மாசமாக "ஹெல்த், ஹெல்த்" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு ஏறிய வட்டிதான் பெரிசு. அதை இன்றைக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். தமாஷ் என்னவென்றால், ஹெல்த் நிஜமாகவே வந்துவிட்டது. பொய் சொல்லி வாங்கின கடன் மாதிரி, கேட்காமலேயே.

மோட்டார் ரூம் பக்கத்துச் சுவரில் வாட்ச்மேன் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார்: 'சைக்கிள் மட்டும்.' மழை பெய்தால் அழியும். மறுநாள் திரும்ப எழுதிவிடுவார். இப்போது அங்கே நாலு சைக்கிள் நிற்கிறது. எது ஹெல்த், எது ஃபீஸ் என்று யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்குத் தெரியலாம். ஆனால் அவர் எல்லாருக்கும் ஒரே சல்யூட்தான் அடிக்கிறார்.

லிஃப்ட்டிலும் போகச் சொல்கிறார். நான்தான் படிக்கட்டில் போகிறேன். பழகிவிட்டது.